நீர் வடிந்த நேரத்துப் படம்

எண்ணூர்க் கழிமுகத்தில் பெரும் பரப்பு ஒன்றைத் தரிசு நிலம் என்று வரைபடத்தில் நிரப்பிக் கொடுத்தவன் நான். போகாத இடத்துக்குப் போய்ப் பார்த்ததாகப் படிவத்தில் எழுதியவனும் நான்தான். அங்கே தண்ணீர் ஏறும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்வதாக இருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

திருவொற்றியூரில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் அம்மாக்கள் கடல் மீனும் விற்பார்கள், ஆத்து மீனும் விற்பார்கள். ஆத்து மீன் என்றால் கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் வந்து சேரும் எண்ணூர்க் கழியில் பிடித்தது. மடவை, ஆத்து எறா, கழி நண்டு. ஐப்பசி, கார்த்திகையில் எண்ணூர்ப் பாலத்தில் நின்று பார்த்தால் அத்திப்பட்டுப் பக்கம் கண்ணுக்கு எட்டும் வரை தண்ணீர். அதே இடம் பங்குனி, சித்திரையில் உப்புப் பொருக்கு படிந்த சேற்று வெளியாகக் கிடக்கும். இரண்டையும் பார்த்து வளர்ந்தவன், வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் ஒன்றை மட்டும் வரைந்தேன்.

புவியியலும் தொலையுணர்வும் படித்துவிட்டு, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் தயாரிக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் 2000-களின் நடுவில் சேர்ந்தேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவரின் பார்வை என்மேலிருந்து அதன்மேல் போய்விடும். அந்தப் படத்தில் ஓடியது என் கை. ஒரு தொழிற்சாலையோ துறைமுகமோ மின் நிலையமோ வருகிறது என்றால், அது அமையும் இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் எவ்வளவு வயல், எவ்வளவு குடியிருப்பு, எவ்வளவு நீர்நிலை, எவ்வளவு தரிசு என்று ஒரு நிலப்பயன்பாட்டு வரைபடமும் ஓர் அட்டவணையும் தர வேண்டும். அதைச் செய்வதுதான் என் வேலை.

வாக்குமூலத்தில் தொழில்நுட்ப விவரம் எதற்கு என்று தோன்றலாம். தவறு நடந்ததே அந்த விவரத்துக்குள்தான். ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் பயன்படுத்தியவை இந்திய ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 படங்கள். அதில் ஒரு பிக்சல் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர், அதாவது சுமார் 550 சதுர மீட்டர். நான்கைந்து வீட்டு மனை அளவுள்ள தரைக்கு ஒரே நிறம். பத்து மீட்டர் அகலத்தில் வளைந்து போகும் ஓடை இதில் ஓடையாகத் தெரியாது. பக்கத்துச் சேற்றோடு கலந்து மங்கிவிடும். அந்தச் செயற்கைக்கோள் எப்போது வந்தாலும் காலை பத்தரை மணியை ஒட்டித்தான் நம் தலைக்கு மேல் வரும். கடலின் ஏற்றமும் வற்றமும் அப்படி ஒரே மணியில் நிற்பதில்லை, நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ஆகவே ஒரு படத்தில் கழி நிறைந்திருக்கிறதா வற்றியிருக்கிறதா என்பது, அந்தக் குறிப்பிட்ட நாளின் பத்தரை மணிக்கு ஏற்றமா வற்றமா என்பதைப் பொறுத்தது. சென்னைத் துறைமுகத்துக்கான கடலேற்ற அட்டவணை ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. படத்தின் தேதியை அதில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை.

படத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் மறைக்கும் என்பதால் பங்குனி மாதத்துப் படம் ஒன்றை எடுத்தேன். மேகமே இல்லாத, கண்ணாடிபோலத் தெளிந்த படம். வங்கக் கடலின் நம் கரையோரம் கடல்மட்டம் பங்குனி வாக்கில் தாழ்ந்தும் ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். ஆற்றில் வரத்து இருக்காது. முகத்துவாரத்தில் மணல் திட்டு விழுந்து வாய் குறுகுவதும் கோடையில்தான். கழி ஆண்டிலேயே மிகக் குறைவாக நீர் பிடித்திருக்கும் நாள்களில் ஒன்றை எடுத்து, அதையே அந்த இடத்தின் நிலையான முகமாக நான் பதிந்தேன்.

தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். செடிகொடிகள் சிவப்பாக விழும். உப்புப் பொருக்கு படிந்த காய்ந்த சேறு பளிச்சென்று வெளுத்து விழும். மென்பொருளுக்கு நாம் சில இடங்களைக் காட்டி "இது நீர், இது வயல், இது தரிசு" என்று பழக்குவோம். மீதி முழுவதையும் அது தானே பிரித்துக்கொள்ளும். அந்த வெளுத்த பரப்பைக் காட்டி அதற்கு என்ன பெயர் தருவது என்று திரை கேட்டபோது என் முன்னால் இரண்டு பட்டியல்கள் இருந்தன. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் ஈரநில வகைப்பாட்டில், கடலேற்றத்துக்கு உட்பட்ட சேற்றுத் திட்டு என்று தனி வகையே உண்டு. தேசியத் தொலையுணர்வு மையத்தின் தரிசுநில வகைப்பாட்டிலோ உப்பேறிய நிலம் ஒரு தரிசு வகை. நீர் தேங்கும் சதுப்பும் அதிலேயே ஒரு தரிசு வகை. நாட்டின் இரண்டு அரசு நிறுவனங்கள் ஒரே சேற்றுக்கு வைத்திருந்த இரண்டு பெயர்களில் எதை எடுப்பது என்பது என் விருப்பத்தில் இருந்தது. தரிசை எடுத்தேன். அறிக்கை கேட்டவர்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே ஏற்படாத அளவுக்கு நான் அந்த வேலையில் பழகியிருந்தேன்.

அடுத்தது களச் சரிபார்ப்பு. இதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது.

படத்தில் பிரித்தது தரையில் சரிதானா என்று பார்க்க, ஆங்காங்கே புள்ளிகள் குறித்து, கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு போய் நின்று, என்ன இருக்கிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். நான் வாடகைக் காரில் போனேன். வல்லூர், பட்டமந்திரி, அத்திப்பட்டு என்று சாலையோரமாக நிறுத்தி நிறுத்திப் புள்ளிகள் எடுத்தேன். உள்ளே இறங்கினால் சேறு முழங்கால் வரை உள்வாங்கும். படகு வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும். வந்தால் அவர் கேள்வி கேட்பார். உட்பகுதிப் புள்ளிகளை அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, கூகுள் எர்த்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பினேன். "நேரில் பார்த்த நிலை" என்ற கட்டத்தில் "புதர் அற்ற தரிசு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துல்லிய மதிப்பீடு தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? சாலையோரத்தில் இருப்பவை சாலை, வீடு, கிடங்கு, வேலி. அவற்றில் குழப்பமே இல்லை. குழப்பம் இருந்த இடத்தின் விடையை நானே எழுதியிருந்தேன். அந்தச் சதவீதத்தை அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டார்கள். படித்த எவரும் புள்ளிகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று கேட்கவில்லை.

ஒரு நிறத்தால் என்ன வந்துவிடும் என்று அப்போது என்னையே நான் சமாதானம் செய்துகொண்டேன். என்ன வரும் என்பதும் தெரிந்தே இருந்தது. ஜிஐஎஸ் என்ற புவியியல் தகவல் முறையின் உயிரே அடுக்கின்மேல் அடுக்கு வைத்துப் பார்ப்பதுதான். இயன் மெக்கார்க் என்ற அமெரிக்க நிலவமைப்பு அறிஞர் 1960-களில், கணினி பரவுவதற்கு முன்பே, ஒளி ஊடுருவும் தாள்களில் மண், வெள்ளம், காடு, வீடு என்று தனித்தனியாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஸ்டேட்டன் தீவில் சாலை எங்கே போனால் சேதம் குறையும் என்று காட்டினார். அதே காலத்தில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் அதைக் கணினிக்குள் கொண்டுவந்தார். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண். தொழில் அமைக்க வயலுக்குக் குறைவு, நீர்நிலைக்குச் சுழி, தரிசுக்கு முழு மதிப்பெண். நான் சேற்றுத் திட்டு என்று எழுதியிருந்தால் சுழி விழுந்திருக்க வேண்டிய இடத்தில் முழு மதிப்பெண் விழுந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் இடம், இறால் தடவும் இடம், வலை கட்டும் இடம் என்று ஓர் அடுக்கு எங்களிடம் கிடையவே கிடையாது. அடுக்கில் வைக்காத ஒன்று படத்தில் வெற்றிடமாகக்கூடத் தெரியாது. பார்ப்பவருக்கு எல்லாம் நிரம்பிய முழுப் படமாகவே தோன்றும்.

சட்டமும் எனக்குத் தெரியாததல்ல. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல்நீர் ஏறி இறங்கும் கழிகளையும் ஆறுகளையும் சேர்த்தே காக்கச் சொன்னது. உயர் அலைக்கோடு என்பது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நீர் எட்டும் கோடு. சட்டம் நீர் ஏறிய கோட்டைக் கேட்கிறது. நான் நீர் வடிந்த நேரத்துப் படத்தைக் கொடுத்தேன். உயர் அலைக்கோட்டை வரைய அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் தனியாக உண்டு, அது என் பொறுப்பில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒப்புதல் தரும் கூட்டத்தில் உட்கார்ந்து அறிக்கையைப் புரட்டுபவர்கள் முதலில் பார்ப்பது நிலப்பயன்பாட்டு அட்டவணையை. அதில் தரிசு இத்தனை சதவீதம் என்று இருந்தால் பேச்சு அங்கேயே பாதி முடிந்துவிடும்.

சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டேன். மனசாட்சி உறுத்தி விடவில்லை. வேறு இடத்தில் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது.

2017-இல் ஒரு செய்தி வந்தது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழி முழுதாக இருக்கிறது. ஆனால் மாநிலத்தில் தரப்பட்ட இன்னொரு வரைபடத்தில் கழியே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவணங்களைப் பெற்று, நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்ட செயற்பாட்டாளர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிப்பரப்பு காகிதத்தில் அழிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். அந்தப் படத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. நான் செய்தது வேறொரு அறிக்கைக்கு. ஆனால் செய்தித்தாளில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, அப்படி ஒன்று எப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றே நான் பேசியிருக்க வேண்டும். என் பழைய கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் வீட்டில்தான் இருந்தன. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. மீனவர் சங்கங்கள் சான்று தேடி அலைந்தன. கழிக்குள் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடப்பது பற்றி 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் கடுமையான தீர்ப்பும் தந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். என் பெயர் அடிபடும் என்று பயந்தேன். படத்தில் செய்ததைவிட இந்த ஆண்டுகளின் மௌனம் பெரிய குற்றம் என்று நினைக்கிறேன். படம் வரைந்தபோது பழக்கத்தின் வேகம் இருந்தது. மௌனமாக இருந்தபோது யோசிக்க நேரம் இருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கால்வாய் வழியாகக் கழிக்குள் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்பு. துப்புரவு வேலைக்கு உதவப் போன நண்பர்களோடு காட்டுக்குப்பத்துக்குப் போனேன். அங்கிருந்து ஒருவர் படகில் உள்ளே கூட்டிப்போனார். செடிகளின் தண்டில் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. நீர் எதுவரை ஏறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான அளவீடு எந்தக் கருவியும் தராது. கைப்பேசியில் என் பழைய படத்தின் எல்லையைத் திறந்தேன். நான் தரிசு என்று கோடிட்டு அடைத்த பாலிகனுக்குள் படகு மிதந்துகொண்டிருந்தது.

கரைக்கு வந்து அந்தப் படத்தை வயதான ஓர் அம்மாவிடம் காட்டினேன். வாழ்நாளெல்லாம் கழிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி இது, எங்க ஆத்தக் காணோம்?" என்றார். நான்தான் வரைந்தேன் என்றேன். "நீ இங்க வந்து பாத்தியா?"

"இல்லம்மா. பாத்ததா எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திட்டினார்கள். திட்டியது நியாயம். ஓர் இளைஞர், "உங்க ஒரு கையெழுத்துல எங்க பாட்டன் முப்பாட்டன் தொழிலு போச்சுண்ணே" என்றார். அப்படி ஒரு கையெழுத்தால் மட்டும் போய்விடவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லாமல் நின்றேன். என் கையெழுத்தும் அதில் இருந்தது, அவ்வளவுதான் அங்கே பேச்சு.

தொழிலோடு நின்றுபோகும் விஷயமும் இல்லை இது. பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறந்தால் உபரிநீர் கொசஸ்தலை வழியாக இங்கேதான் வந்து கடலில் சேர வேண்டும். நீர் பரவி நின்று, கடல் வற்றத்துக்குக் காத்திருந்து வடிவதற்கான இடம்தான் அந்தச் சேற்று வெளி. அதைத் தரிசு என்று சொல்லி மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நிற்க வேண்டிய நீர் பின்னால் ஏறும். 2021 நவம்பரில் பூண்டி உபரிநீர் வந்தபோது மணலி புதுநகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. என் சித்தி குடும்பம் அங்கே இருக்கிறது. மாடியில் உட்கார்ந்துகொண்டு சித்தி என்னோடு தொலைபேசியில் பேசினார். நான் ஆறுதல் சொன்னேன். என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தக் கருவியின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. ஊரூர் குப்பத்து மீனவர் சரவணன் ஜிபிஎஸ்ஸைக் கையில் எடுத்துக் கடற்கரைக் குப்பங்களின் பொது இடங்களை, வலை காயவைக்கும் திடல், படகு நிறுத்தும் கரை என்று வரைந்து காட்டியபோது, அதே தொழில்நுட்பம் அரசு வரைபடத்தைக் கேள்வி கேட்கும் சான்றாக நின்றது. 1991-இன் இடத்தில் வந்த 2011 அறிவிக்கை மீனவ ஊர்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் சர்வே எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. 2019 அறிவிக்கைப்படியான வரைவுகள் 2023-இல் கருத்துக் கேட்புக்கு வந்தபோது அவை விடுபட்டிருப்பதாகத்தான் தமிழகக் கரை முழுவதும் மீனவர்கள் எதிர்த்தார்கள். என்னைப்போல் வரைபவர்களுக்கு நான் கேட்பது மூன்றே. படம் எடுத்த தேதியையும் அந்த நேரத்துக் கடலேற்ற நிலையையும் படத்தின் மேலேயே அச்சிடுங்கள். களப் புள்ளிகள் விழுந்த இடங்களை ஒளிக்காமல் காட்டுங்கள். வரைந்ததை அறிக்கைக்குள் வைப்பதற்கு முன் ஊரில் விரித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இவற்றில் எதையும் நான் செய்யவில்லை. செய்திருந்தால் ஒரு பாலிகனுக்கு வேறு பெயர் விழுந்திருக்கும்.

குறுந்தகட்டில் இருந்த கோப்புகளையும், எந்தப் புள்ளிகளை நாற்காலியில் உட்கார்ந்து நிரப்பினேன் என்ற பட்டியலையும் எழுதிக் கையெழுத்திட்டு, வழக்கு நடத்தும் மீனவர் சங்கம் ஒன்றிடம் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் வந்து இதையே சொல்வேன். காட்டுக்குப்பத்து இளைஞர்கள் சிலரோடு கார்த்திகை அமாவாசை ஏற்றத்தின்போது நீர் நிற்கும் விளிம்பை நடந்தும் படகிலும் எடுத்தோம். ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த இடத்துக்கு ஊர் வழங்கும் பெயரை அவர்கள் சொல்ல நான் எழுதினேன். சர்வே எண்ணோடு அதைப் பொருத்தும் வேலை நடக்கிறது. செப்பாக்கம் பக்கத்து விளிம்பை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அங்கே சாம்பல் படிந்து கால் வைத்தால் உள்வாங்குகிறது, படகும் ஓடாது. அடுத்த மழைக்குள் பலகை போட்டு இறங்கிப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.